ஏலத்துல என் பேரு

மொத தடவை எனக்கு புத்தி பிசகுறதுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. ரெண்டாவது தடவைக்கு ரெண்டே ராத்திரி. மூணாவது தடவை நான் போதைப்பொருள் எதையும் தொடவே இல்ல, ஆனாலும் வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டு போச்சு. இந்த மூணுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுனு எழுதி வைக்கலாம்னு தோணுச்சு, நம்ம ஏரியால எந்த வீட்டுலயாவது இப்ப இது ஓடிக்கிட்டு இருந்தா அவங்களுக்கு ஆவும். டாக்டருங்க சொன்னது கொஞ்சம், நான் அடிபட்டு தெரிஞ்சிக்கினது மீதி. எந்த மாத்திரை எவ்ளோ போடணும்னு மட்டும் என்னாண்ட கேக்காதீங்க, நான் வண்டி ஓட்டுறவன்.

நமக்கு காசிமேடு. சொந்தமா ஒரு குட்டி யானை, டியூல எடுத்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு துறைமுகத்துல வண்டிய போட்டு நிக்கணும், ஏலம் முடிஞ்சதும் மீன ஐஸ் அடிச்சு ஏத்திக்கினு விடியறதுக்குள்ள மார்க்கெட்டு மார்க்கெட்டா இறக்கணும். பகல்ல வேற லோடு கெடச்சா அதையும் விடுறதில்ல. எங்களுக்கு ஐஸுனா மீனுக்கு போடுறதுதான், இன்னொரு ஐஸ் இருக்குன்றதே 2021 வரைக்கும் எனக்கு தெரியாது. மெத்துன்றாங்களே, மெத்தபெட்டமைன், அது. கூட லோடு அடிக்கிற பையன்தான் "தூக்கமே வராது மச்சி, ரெண்டு ட்ரிப்பு சேத்து அடிக்கலாம்"னு குடுத்தான். போதைக்குனு நான் ஆரம்பிக்கவே இல்ல, முழிச்சிருக்கறதுக்கு ஆரம்பிச்சேன், அதனாலயே ரொம்ப நாளு நான் போதைக்காரன் இல்லன்னு என்னையே நான் ஏமாத்திக்கினு இருந்தேன். குடிக்கிறவன பாத்து "இன்னா இப்டி கீறான்"னு சிரிச்சிருக்கேன்னா பாத்துக்கங்க. மெத் ஏறி ஆட்டம் அடங்கலன்னா கொஞ்சம் கஞ்சா, அத நான் கணக்குலயே சேக்கல.

மொதல்ல வாரத்துக்கு ஒரு தடவை, அப்பால ரெண்டு, அப்பால தெனமும். சாப்பாடு இறங்காது, எட கொறஞ்சு கன்னம் ஒட்டிப்போச்சு, அம்மா மஞ்சக்காமாலைனு நெனச்சு கீழாநெல்லி அரைச்சு குடுத்துச்சு. 2023 பிப்ரவரில தொடர்ந்து நாலு ராத்திரி தூங்கல. நாலாவது ராத்திரி துறைமுகத்துல நிக்கறேன், சங்கரா கூடைய ஏலம் விடுறாங்க, ரேட்டுக்கு நடுவுல என் பேரு கேக்குது. ஆயிரத்தி அம்பது, ஆயிரத்தி நூறு, அப்புறம் என் பேரு, அப்புறம் ஆயிரத்தி நூத்தம்பது. என்னதான் ஏலம் விடுறாங்கன்னு புரிஞ்சுபோச்சு. புரிஞ்சுபோச்சுன்றது முக்கியம், அது சந்தேகமா வரல, தெளிவா வந்துச்சு, இவ்ளோ நாளு நமக்கு இது தெரியாம போச்சேன்ற மாதிரி. வண்டிய அங்கயே வுட்டுட்டு ஓடியாந்துட்டேன்.

அதுக்கப்புறம் வீட்டுல பண்ணின கூத்து. போன அரிசி டிரம்முல புதைச்சு வச்சேன், தெரு முனை கேமரா என்னையே திரும்பி பாக்குதுன்னேன், மீன் கொழம்புல அம்மா என்னமோ கலந்துட்டாங்கன்னு தட்ட தூக்கி அடிச்சேன். கையில தோலுக்கு அடியில என்னமோ ஊர்ற மாதிரி இருக்கும், சொரிஞ்சு சொரிஞ்சு ரத்தமே வந்துடுச்சு. வீட்டுல காத்து கருப்புன்னாங்க, மந்திரிச்சு கயிறு கட்டுனாங்க, அதுல மூணு நாளு போச்சு. ஆஸ்பத்திரிக்கு போனா போலீஸ் வந்துடும்னு ஒரு பயம் வேற. சொல்லிடறேன், அந்த பயத்துல யாரும் லேட் பண்ணாதீங்க. நோயாளி விஷயத்த ரகசியமா வச்சுக்கணும்னு 2017 மனநல சட்டத்துலயே இருக்கு. அதுவுமில்லாம என் கண்ணுக்கு எதிர்லயே டாக்டர் கேட்ட மொத கேள்வி "எவ்ளோ நாளா, கடைசியா எப்போ"தான், "யார்கிட்ட வாங்கின"ன்னு ஒருத்தரும் கேக்கல.

அந்த மூணு நாளும் என்கிட்ட ஒழுங்கா பேசுனது எங்க அக்கா வீட்டுக்காரரு மட்டும்தான். மத்தவங்கல்லாம் "அப்டி எதுவும் இல்லடா, கேமரா எங்கடா திரும்புது, பைத்தியமா உனக்கு"ன்னு சண்டைக்கு வந்தாங்க, எனக்கு இவங்களும் அந்த கூட்டம்தான்னு ஆயிடுச்சு. மாமா ஆமான்னும் சொல்லல இல்லன்னும் சொல்லல. டிவிய அமத்துனாரு, கூட்டத்த வெளிய அனுப்புனாரு, கதவ மறைக்காம ஒரு ஓரமா குந்திக்கினு "உனக்கு பயமா கீதுன்னு தெரியுது மாப்ள, தூங்கியே நாலஞ்சு நாளாச்சு, தூங்கறதுக்கு ஒரு ஊசி போட்டுக்கினு வந்துடலாம்"னாரு. பைத்தியத்துக்குன்னு சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன். தூக்கத்துக்குன்னதால வண்டில ஏறுனேன். இத யாரும் அவருக்கு சொல்லிக்குடுக்கல, பஸ் கண்டக்டரு, தெனமும் எத்தன பேர பாக்குறாரு.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரிதான். ஊசி, யூரின் டெஸ்ட், அப்புறம் அட்மிஷன். கூட நின்னவங்கள உக்கார வச்சு டாக்டரம்மா கேட்டாங்க, குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி மனநல பிரச்சன இருந்திருக்கான்னு. அம்மா பட்டுனு இல்லன்னுச்சு, அக்காவும் இல்லன்னுச்சு. ஆயா மட்டும் மூலைல குந்திக்கினு இருந்தது, "ஏன்டி பொய் சொல்றீங்க, என் சின்ன புள்ள கீழ்ப்பாக்கத்துல ரெண்டு வருஷம் இருந்தானே"ன்னுச்சு. எனக்கு அப்டி ஒரு சித்தப்பா இருந்தாருன்றதே அன்னிக்குதான் தெரியும். கடலுக்கு போயி திரும்பலன்னு சொல்லி வச்சிருந்தாங்க. 1794லயே ஆரம்பிச்ச மனநல ஆஸ்பத்திரி அது, எத்தனையோ பேரு சரியாயி வீட்டுக்கு வந்திருக்காங்க, ஆனா நம்ம வடசென்னைல கீழ்ப்பாக்கம்னாலே திட்டுற வார்த்தைதான, அதான் மறைச்சாங்க. அந்த ஒரு விஷயத்தாலதான் டாக்டரம்மா என்ன அவ்ளோ சீக்கிரம் வுடல. ரத்தத்துலயே இந்த வழி இருக்கறவனுக்கு மெத் படுறது வேற மாதிரின்னாங்க. அதோட எவ்ளோ நாளா எடுத்தான், எவ்ளோ அடிக்கடி, எத்தன நாளு தூங்கல, கஞ்சா சேத்தானா, இத்தனையையும் கேட்டு எழுதிக்கினாங்க. கஞ்சாவ நான் சொல்லவே இல்ல, அதெல்லாம் ஒரு மேட்டரான்னு. டெஸ்ட்ல வந்துடுச்சு.

எங்களுக்கு இருந்த ஒரே கேள்வி, இது போயிடுமா இல்ல இதுவே நிலையா. போதைப்பொருளால வந்த பிரச்சனையா இருந்தா அத நிறுத்துனப்புறம் பெரும்பாலும் சில நாள்லயிருந்து ஒரு மாசத்துக்குள்ள அடங்கிடும், ஒரு மாசம் தாண்டியும் குரல் நிக்கலன்னா வேற நோயான்னு பாக்கணும்னாங்க. எல்லாருக்கும் போயிடும்னும் அவங்க சொல்லல. இந்த ஆம்பெட்டமைன் வகையால புத்தி பிசகுனவங்கள்ல நூத்துக்கு 22 பேருக்கு பின்னாடி ஸ்கிசோஃப்ரினியா, அதான் மனச்சிதைவு நோயின்னு ஆயிருக்கு, கஞ்சாவால வந்தவங்கள்ல 34 பேருக்குனு 2020ல வந்த ஒரு தொகுப்பு ஆய்வுல இருக்காம். நான் விளையாட்டா அடிச்சதுக்குதான் நம்பர் பெருசு. அதைக் கேட்டு எனக்கு வாய் அடைச்சுபோச்சு.

எனக்கு குரல் பத்து நாள்ல நின்னுடுச்சு. ஆனா இங்கதான் எல்லாரும் ஏமாறுறது. குரல் நின்னவுடனே வீட்டுல "ஆளு சரியாயிட்டான்"ன்னு வடை பாயசத்தோட சமைச்சாங்க. சந்தேகம் போறதுக்கு இன்னும் ரெண்டு மாசம் ஆச்சு, வெளிய சொல்லாம உள்ளயே வச்சிருந்தேன், கேமராவ பாக்காத மாதிரி பாத்துக்கினு போவேன். அத விட மோசம் எதுலயும் ருசியே இல்லாம போனது. பிரியாணி வச்சாலும் மண்ணு மாதிரி, கேரம் ஆடுனா போர்டையே பாக்க புடிக்காது, அக்கா புள்ள வந்து மேல ஏறுனா கூட ஒண்ணும் தோணாது. அந்த மெத் மூளைல சந்தோஷத்துக்குனு இருக்கற டோபமைன மொத்தமா கொட்டி தீத்துடும், அது பழையபடி ஊற மாசக்கணக்குல ஆகும்னு பி.ஜி. படிக்கிற சின்ன டாக்டர் ஒருத்தர் சொன்னாரு. அது தெரியாதவன் இன்னா நெனைப்பான், மாத்திரையாலதான் இப்டி கீறோம், மாத்திரைய நிறுத்துனா சரியாயிடும்னு. அப்போ செத்துடலாம்னு கூட ரெண்டு தடவை தோணியிருக்கு, வெளிய சொல்ல வெக்கம். இப்போன்னா 14416 அடிச்சா டெலிமானஸ்னு கவர்மெண்டோட மனநல ஹெல்ப்லைன்ல தமிழ்ல பேசுறாங்க, ராத்திரிலயும் எடுக்கறாங்க, காசு கெடையாது. போதைக்குனே 14446 இருக்கு. யாராவது அந்த நெலமைல இருந்தா வெக்கப்படாம அடிங்க.

மாத்திரையும் சும்மா சொல்லக்கூடாது, படுத்தும். எனக்கு குடுத்தது ஓலன்சபின்னு ஒரு மாத்திரை, அதுல மூணு மாசத்துல ஒன்பது கிலோ ஏறுனேன், காலைல எட்டு மணிக்கு முன்னாடி எழுந்துக்கவே முடியாது. ஆனா அந்த நேரம் ஏப்ரல் 15 வந்துடுச்சு, தடைக்காலம். 61 நாளு லாஞ்சு எதுவும் கடலுக்கு போகாது, ராத்திரி லோடு இல்ல, கையில காசும் இல்ல. ஊரே பேஜாராகி கெடக்கும்போது நான் மட்டும் நல்லா இருந்தேன். ராத்திரி தூக்கம், கஞ்சி, ஆயா கூட கத. நானே என்னால நிறுத்திட்டேன்னு மார் தட்டிக்கினேன். நான் எங்க நிறுத்துனேன், கடல மூடி வச்சிருந்தாங்க, அவ்ளோதான்.

ஜூன் 14 நடுராத்திரி தடை முடிஞ்சுது. போன லாஞ்சுங்க திரும்பி வந்த வாரம் துறைமுகம் திருவிழா மாதிரி. ரெண்டு மாச டியூ பாக்கி, அம்மா கம்மல் அடகுல. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்துக்கணும்னு மாத்திரைய நானே நிறுத்திட்டேன், யாருக்கும் சொல்லல. பழைய நம்பர் போன்ல அப்டியே இருந்துச்சு, கையில மொத நாளு கூலியே நாலாயிரம். ஒரே ஒரு தடவ, இன்னிக்கு ஒரு ராத்திரிய ஓட்டுறதுக்குன்னு எடுத்தேன், பழைய அளவுல கால்வாசி கூட இருக்காது. மறுநாளும் கொஞ்சம். ரெண்டாவது ராத்திரி ஏலத்துல திரும்ப என் பேரு. மொத தடவை ஒன்றரை வருஷம் புடிச்ச எடத்துக்கு ரெண்டே நாள்ல போய் நின்னேன். இந்த தடவை ஓடல, ஏலம் விடுறவரு சட்டைய புடிச்சுட்டேன். அவரு நல்ல மனுஷன், கேஸ் குடுக்கல.

ஏன் இவ்ளோ சீக்கிரம்னு அந்த சின்ன டாக்டர்கிட்ட அப்புறமா கேட்டேன். இந்த மெத்த எபிட்ரின்லயிருந்து மொதல்ல செஞ்சதே 1893ல ஜப்பான்லதானாம், ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சப்போ அங்க லட்சக்கணக்குல ஜனங்க இதுக்கு அடிமையாயிட்டாங்க, அதனால இந்த புத்தி பிசகுறத வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பாத்தவங்களும் ஜப்பான் டாக்டருங்கதான். ஒரு தடவ இப்டி ஆனவனுக்கு மூளைல பாதை போட்ட மாதிரி ஆயிடுது, அப்பால கொஞ்சூண்டு எடுத்தாலே அதே எடத்துக்கு போயிடுவான், சில பேருக்கு எடுக்காமயே பெரிய மனக்கஷ்டமோ தூக்கம் கெட்டாலோ கூட வரும்னு எழுதியிருக்காங்களாம். எனக்கு சட்டுனு புரிஞ்சுது. அலைவாசல்ல மண்ணு மேல ஒரு தடவ படகு இழுத்த தடம் இருந்தா அடுத்த படகு அதுலயேதான வரும்.

ரெண்டாவது தடவைக்கு அப்புறம் சொந்தக்காரங்க பேச்ச கேட்டு ஒரு தனியார் போதை மறுவாழ்வு சென்டர்ல போட்டாங்க, பேரு வேணாம். மாத்திரையும் போதைதான்னு மொத நாளே புடுங்கிட்டாங்க. நாலாவது நாளு குரல் திரும்ப வந்துடுச்சு, ராத்திரில கத்துனேன்னு கட்டி வச்சாங்க. மாமா பாக்க வந்து சண்ட போட்டு கூட்டியாந்தாரு. மனநல ஆணையத்துல பதிவு பண்ணாம அந்த மாதிரி எடம் நடத்தவே கூடாதுன்றது அப்புறம்தான் தெரியும். சேக்கறதுக்கு முன்னாடி பதிவு சர்டிபிகேட்ட காட்டுங்கன்னு கேளுங்க, மனநல டாக்டர் வாரத்துக்கு எத்தன தடவ வராருன்னும் கேளுங்க, மழுப்புனா வந்துடுங்க. ஸ்டான்லி கவர்மெண்ட் ஆஸ்பத்திரில மனநல பிரிவு இருக்கு, கீழ்ப்பாக்கம் இருக்கு, பக்கத்துலயே, காசும் இல்ல.

அதுக்கப்புறம் இன்னி வரைக்கும் எடுக்கல. மன உறுதின்லாம் சொல்லமாட்டேன், அது எனக்கு எவ்ளோ இருந்துச்சுன்னு ஜூன் மாசமே தெரிஞ்சுபோச்சு. மாத்துனதெல்லாம் வெளிய இருக்கறது. ராத்திரி ட்ரிப்ப விட்டேன், அதுதான் பெரிய அடி, வருமானம் பாதியா போச்சு. மணலி பக்கம் ஒரு குடோன்ல பகல் லோடு புடிச்சேன். பேங்க் அக்கவுண்ட அக்கா கையில குடுத்தேன், ஒரு நாளைக்கு 200 ரூபாக்கு மேல கையில வச்சுக்கறதில்ல, 28 வயசு ஆம்பள அக்காகிட்ட டீ காசு கேக்குறது அசிங்கமாதான் இருக்கும், இருந்துட்டு போகட்டும். சிம்ம மாத்துனேன். கஞ்சாவையும் வுட்டேன், சில பேரு அது செடிதானப்பான்றாங்க, அரளியும் செடிதான். மாத்திரைய மாத்தி குடுக்க சொல்லி டாக்டர்கிட்ட கேட்டேன், காலைல அசத்தாத மாதிரி வேற குடுத்தாங்க, கேட்டா குடுப்பாங்கன்றதே எனக்கு தெரியாம இருந்துச்சு. மெத் ஆசைய நிறுத்தறதுக்குனு தனி மாத்திரை எதுவும் இன்னும் வரலயாம், அதனால கவுன்சிலிங்க வுடாம வாங்கன்னாங்க, வாரா வாரம் போனேன், பாதி நாளு கடுப்பாதான் போனேன்.

அம்மாதான் மாற டைம் எடுத்துச்சு. சும்மா சும்மா சட்டை பாக்கெட்ட தடவறது, கண்ண விரிச்சு பாக்குறது, "உன்னாலதான் கம்மல் போச்சு"ன்னு சாப்பிடும்போது ஆரம்பிக்கறது. வீட்டுல குத்திக்காட்டி பேசிக்கினே இருந்தா இந்த மாதிரி நோய் திரும்ப வர்றது ஜாஸ்தின்னு டாக்டரம்மா அம்மாவ தனியா கூப்டு சொன்னாங்க. அம்மா என்கிட்ட ஒண்ணும் சொல்லல. அடுத்த நாள்லயிருந்து கம்மல் பேச்சு மட்டும் வரல.

தூக்கத்துக்கு காவல் ஆயாதான். ஆயாவுக்கு மணி பாக்க தெரியாது. விடிகாலைல பள்ளிவாசல் பாங்கு சத்தம்தான் அதுக்கு கடியாரம். "பாங்குக்கு முன்னாடி எழுந்துட்டியா, அப்பால எழுந்தியா", தெனமும் இந்த ஒரே கேள்வி. தொடர்ந்து ரெண்டு நாளு முன்னாடின்னு சொன்னா அக்காவுக்கு போன் போயிடும். எனக்கு குரல் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு அறிகுறி உண்டு, விடிகாலைல முழிப்பு வந்துடும், அப்புறம் வண்டி நம்பர் பிளேட்ட கூட்டி கூட்டி பாக்க ஆரம்பிச்சுடுவேன். ஒவ்வொருத்தனுக்கும் வேற வேற இருக்கும். ஆளு நல்லா இருக்கும்போதே குந்த வச்சு கேட்டு எழுதி வச்சுக்கங்க, வந்தப்புறம் அவனுக்கு சொல்ல வராது. எங்க வீட்டுல அந்த பேப்பர் பிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு, கூடவே டாக்டர் எழுதி குடுத்தது, இப்டி ஆரம்பிச்சா எந்த மாத்திரைய அன்னிக்கு ராத்திரியே போடணும், எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு.

2024 நவம்பர்ல ஆயா விழுந்துடுச்சு. மூணு ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டால நான்தான் படுத்திருந்தேன், அத படுக்கறதுன்னு சொல்லமுடியாது. நாலாவது நாளு சாயங்காலம் போயிடுச்சு. சித்தி வெளியூர்லயிருந்து வரணும்னு ஐஸ் பெட்டில வச்சாங்க, தெருவுல பந்தல், மேளம், ராத்திரி கானா. கானா பாடுறவங்க செத்தவங்களோட புள்ள பேரன் பேரெல்லாம் சேத்து பாடுவாங்கன்னு உங்களுக்கு தெரியும். பாட்டுல என் பேரு வந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப வந்துச்சு. மூணாவது தடவ, அவன் தண்ணி குடிக்கறதுக்கு மைக்க கீழ வச்சிருக்கான், அப்பயும் வந்துச்சு.

பக்கத்துல அக்கா. "க்கா, அவன் இப்ப என் பேர சொன்னானா?"

அக்கா என் மூஞ்சிய பாத்துச்சு. "மொத சொன்னான்டா. இப்ப சொல்லல."

வேற ஒண்ணும் பேசல, எழுந்து மாமாவ கூப்டுச்சு. பிரிட்ஜ் மேல இருந்த பேப்பர்ல இருக்கறபடி டாக்டருக்கு போன், மாத்திரை, மாமா பைக்ல ஏத்தி பெரம்பூர்ல அவங்க வீட்டுக்கு கொண்டுபோயி ஃபேன போட்டு கதவ சாத்திட்டாரு. பந்தல்ல சொந்தக்காரங்க பேசுனத அப்புறம் கேள்விப்பட்டேன், பெத்தவள விட வளத்தவளாச்சே, பொணத்தாண்ட ஒரு ராத்திரி குந்த முடியலயா இவனுக்கு, இன்னா பேரன்னு. அம்மா அழுதுக்கினு இருந்தது எழுந்து நின்னு "என் மாமியா உசுரோட இருந்தா அவளே புடிச்சு தள்ளியிருப்பா, போயி தூங்குடான்னு. எவளாவது என் புள்ளைய பேசுனீங்க, பந்தல வுட்டு எழுந்து போயினே இரு"ன்னுச்சாம்.

மாமா தோள தட்டும்போது ஜன்னல்ல நல்லா வெயிலு.

"இன்னா மாமா, பாங்கு சொல்லிட்டாங்களா?"

"அது எப்பவோ முடிஞ்சுபோச்சு. மணி ஒன்பது. குளிச்சுட்டு வா, நெய்ப்பந்தம் புடிக்க நீ வரணும்னு நிக்கறாங்க."